பத்துப் புள்ளியும் ஓர் ஈயும்

எங்கள் லேபில் ஒரு பல்ஸ் ஜெனரேட்டர் இருக்கிறது, சொன்ன நேரத்தில் மின்துடிப்பு கொடுக்கும் கருவி. வயதில் என்னைவிட மூத்தது. பழுப்பேறிய முன்பக்கம், பச்சை எண்கள் எரியும் ஒரு சின்னத் திரை, அதன் பக்கத்தில் பல கைகள் திருப்பித் தேய்ந்த ஒரு குமிழ். மூன்று மாதமாக அந்தக் குமிழும் நானும்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

வேலை இதுதான். ஒளியைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மினுங்கும் ஒரு பொடி என்னிடம் இருக்கிறது. எல்இடியால் அதன்மேல் வெளிச்சம் அடித்து அணைத்தால், பொடியின் மினுக்கம் மெல்ல மெல்லக் குறையும். எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அளக்க வேண்டும். பல்ஸ் ஜெனரேட்டரில் இரண்டு சேனல்கள். ஏ சேனல் எல்இடியை 50 மைக்ரோசெகண்ட் எரியவிடும். பி சேனல் கேமராவுக்கு டிரிகர் கொடுக்கும். கேமரா 10 மைக்ரோசெகண்ட் மட்டும் கண்ணைத் திறந்து மூடும். ஏ முடிந்ததிலிருந்து எவ்வளவு நேரம் கழித்து பி கிளம்ப வேண்டும் என்பதுதான் டிலே. முழுச் சுற்றும் விநாடிக்கு 100 முறை நடக்கும்.

டிலேயை 0-இலிருந்து 2 மில்லிசெகண்ட் வரை, பத்துப் பத்து மைக்ரோசெகண்டாக ஏற்ற வேண்டும். 201 புள்ளிகள். ஒவ்வொன்றும் மூன்று முறை. ஆக 603 தடவை குமிழைத் திருப்பி, கேமராவில் படம் எடுத்து, நோட்டில் எழுத வேண்டும். ஒன்றுக்கு 40 விநாடி என்று வைத்தால் ஆறே முக்கால் மணிநேரம் ஆகிறது. நடுவில் யாராவது வந்து ‘ஸ்பேனர் எங்க?’ என்று கேட்டால், 730 வைத்தேனா 740 வைத்தேனா என்பது மறந்துபோகும். ஒருமுறை 1,200-க்குப் பதில் 1,020 என்று வைத்து, அதிலிருந்து வரிசையாக இருபது புள்ளிகளைத் தப்பாக எடுத்தேன்.

அந்த நோட்டைப் பார்த்துவிட்டு சார் சொன்னது ஒரே வரி: “பின்னாடி ஒரு கனெக்டர் இருக்கு பாரு. கம்ப்யூட்டர்ல கட்டிடு.”

எனக்குத் தெரிந்த ப்ரோக்ராமிங் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பைத்தானில் கிராஃப் போடுவேன். அதுவும் யாரோ எழுதியதை எடுத்து ஃபைல் பெயரை மாற்றிப் போடுவேன். சிவப்பு எழுத்தில் எர்ரர் வந்தால் லேப்டாப்பை மூடித் திறப்பேன். அவ்வளவுதான்.

பின்பக்கம் இருந்தது ஜிபிஐபி கனெக்டர், லேப் கருவிகளைக் கம்ப்யூட்டரோடு கட்டும் பழைய வழி. லேப்களில் பழைய ஆட்கள் அதை இன்னும் எச்பிஐபி என்றே சொல்கிறார்கள், ஹியூலெட் பேக்கார்டில் பிறந்த குழந்தை என்பதால். 1975-இல் ஐட்ரிபிள்ஈ 488 என்ற பெயரில் பொதுத் தரமானது. கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கேபிள். கனெக்டரில் 24 பின்கள், இரு பக்கமும் திருகு. ஒரு கனெக்டரின் முதுகிலேயே இன்னொன்றைச் செருகலாம், இட்லித் தட்டு அடுக்குவதைப் போல அடுக்கிக்கொண்டே போகலாம். கம்ப்யூட்டரையும் சேர்த்து 15 கருவிகள் வரை ஒரே கேபிள் வரிசையில் தொங்கும். எல்லோருக்கும் ஒரே தெரு என்பதால் ஒவ்வொருவருக்கும் கதவு எண் வேண்டும். அதுதான் அட்ரஸ், 0-இலிருந்து 30 வரை.

எங்கள் இயந்திரத்தில் அந்தக் கதவு எண்ணை வைக்கப் பின்னால் ஐந்து குட்டி சுவிட்சுகள். டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் இரண்டு சேர்ந்தாற்போல் மேலே இருந்தன, மற்றவை கீழே. இருமத்தில் 00110, அதாவது 6 என்று கணக்குப் போட்டு 6-ஐக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன். யுஎஸ்பி அடாப்டரை வேறு துளையில் செருகினேன். டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். ஒரு மதியம் முழுக்க இதிலேயே போனது.

சுவிட்சின் எந்தப் பக்கம் பெரிய இலக்கம் என்று நான் பார்க்கவே இல்லை. இடமிருந்து வலமாகத்தான் எண் இருக்கும் என்று யார் சொன்னது? மறுமுனையிலிருந்து படித்தால் 01100, அதாவது 12. பதில் தெரியாமல், 6 ஆகவே மாற்றிவிடலாம் என்று சுவிட்சுகளைத் தள்ளியும் பார்த்தேன். அப்போதும் இயந்திரம் அசையவில்லை. இந்த மாதிரி பழைய கருவிகள் பல, பவர் போடும்போது ஒருமுறைதான் சுவிட்சைப் பார்க்கும். அணைத்துப் போடாமல் சுவிட்சை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால், வீட்டுக்காரர் தூங்கும்போது கதவு எண்ணை மாற்றி எழுதுவது போலத்தான். அவருக்குத் தெரியாது.

அடுத்த இடறல். இணையத்தில் எந்தப் பாடத்தைத் திறந்தாலும் முதல் கட்டளை ஒன்றுதான்: நட்சத்திரக்குறி போட்டு ஐ-டி-என், பிறகு கேள்விக்குறி. ‘நீ யார்?’ என்ற கேள்வி. நான்கு துண்டாகப் பதில் வரும்: செய்த நிறுவனம், மாடல், வரிசை எண், உள்ளே ஓடும் மென்பொருளின் பதிப்பு. அதை அனுப்பினேன். இரண்டு விநாடி மௌனம். பிறகு சிவப்பு எழுத்தில் டைம்அவுட், மைனஸ் 1073807339. அந்த எண்ணை மறக்க மாட்டேன். ஒரு நாளில் அத்தனை முறை பார்த்திருக்கிறேன். இரண்டு விநாடி என்பது, கருவிகளோடு பேசப் பைத்தானில் இருக்கும் பைவிசா என்ற தொகுப்பு தானாக வைத்துக்கொள்ளும் பொறுமையின் அளவு. அதை முப்பது விநாடி ஆக்கினேன். முப்பது விநாடி மௌனம், பிறகு அதே எண்.

எங்கள் லேபில் ஐந்தாம் வருடம் ஆய்வு செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். என் பின்னால் நின்று பார்த்தார்.

“என்னடி பண்ற?”

“நீ யாருன்னு கேக்கறேன்க்கா. பேசவே மாட்டேங்குது.”

அவர் இயந்திரத்தின் பின்னால் எட்டி, ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இது பொறந்தப்போ அந்தக் கேள்வியே பொறக்கலைடி.”

உண்மைதான். 1975-ஆம் ஆண்டுத் தரம் பின்களையும் கம்பிகளையும்தான் பேசுகிறது; கம்பி வழியாக என்ன பேச வேண்டும் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டது. நட்சத்திரக் கட்டளைகள் 1987-இல் வந்த 488.2 என்ற தரத்துக்குரியவை. அதன்மேல் எல்லாக் கருவிக்கும் பொதுவான மொழியாக எஸ்சிபிஐ வந்தது 1990-இல். அதற்கெல்லாம் முந்தைய இந்த இயந்திரத்துக்கு அதன் சொந்த பாஷை மட்டுமே தெரியும். அது மேனுவலில் இருந்தது. மேனுவல் யாரோ அவசரமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாக இருந்தது. பக்கங்கள் சாய்ந்தும், ஓரங்கள் கருத்தும், ஓரிடத்தில் ஸ்கேன் செய்தவரின் விரலோடும்.

விரல் மறைக்காத பக்கம் ஒன்றில் கட்டளைகளின் அட்டவணை கிடைத்தது. இரண்டிரண்டு எழுத்துகள், பிறகு சேனல், பிறகு ஓர் எண். நேரமெல்லாம் விநாடியில். பி சேனலுக்கு அரை மில்லிசெகண்ட் டிலே கொடுக்க ‘0.0005’ என்று போட்டு அனுப்பினேன்.

முன்பக்கத்தில் ‘ரிமோட்’ என்ற சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தது. பச்சைத் திரையில் எண் தானாக மாறியது. யாரும் குமிழைத் தொடவில்லை. நான் மூன்றடி தள்ளி லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த அரைமணி நேரம் ஆராய்ச்சி எதுவும் நடக்கவில்லை. 0.0001, 0.0007, 0.0012 என்று தோன்றியதையெல்லாம் அனுப்பி, எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குமிழைத் திருப்பிப் பார்த்தேன், வேலை செய்யவில்லை. பயந்து போனேன். ரிமோட்டில் இருக்கும்போது முன்பக்கம் பூட்டிக்கொள்ளும், ‘லோக்கல்’ பொத்தானை அழுத்தினால் திறக்கும் என்று அக்கா சொன்னார்.

இந்த உற்சாகத்தில்தான் கேமராவைக் கொல்லப் பார்த்தேன். கேமராவின் டிரிகருக்கு 5 வோல்ட் வேண்டும். ப்ரோக்ராமில் பி சேனலுக்கு 5 வோல்ட் என்று எழுதினேன். நல்லவேளை, முதலில் வோல்ட்டேஜை வரைந்து காட்டும் ஸ்கோப்பில் பார்க்கலாம் என்று தோன்றியது. ஸ்கோப் 10 வோல்ட் காட்டியது. சரி, ப்ரோக்ராமில் ஏதோ தப்பு, இரண்டு தடவை போகிறது போலிருக்கிறது என்று நினைத்து (வோல்ட்டேஜ் இரண்டு தடவை எப்படிப் போகும்? அன்று அந்தக் கேள்வி எழவில்லை) எண்ணை இரண்டால் வகுக்கும் ஒரு வரியைச் சேர்த்தேன். ஸ்கோப்பில் 5 வந்தது. பெருமையாக அக்காவிடம் காட்டினேன்.

“எதுக்குடி ரெண்டால வகுக்கற?”

“அப்போதான்க்கா சரியா வருது.”

அவர் ஒன்றும் சொல்லாமல் மேசை டிராயரிலிருந்து ஒரு குட்டி உலோக மூடியையும் ஒரு டி வடிவ இணைப்பையும் எடுத்து ஸ்கோப்பின் வாயில் மாட்டினார். 5 வோல்ட் சட்டென்று 2.5 ஆகிப் போனது. அந்த மூடிக்குள் இருப்பது 50 ஓம் ரெசிஸ்டர். ஜெனரேட்டருக்குள்ளும் ஒரு 50 ஓம் இருக்கிறது. வெளியேயும் 50 ஓம் இருந்தால் இருவரும் வோல்ட்டேஜைப் பாதிப் பாதி பங்கு போட்டுக்கொள்வார்கள், திரையில் எழுதியிருப்பது அந்தப் பாதிதான். ஸ்கோப்பின் வாயோ 1 மெகா ஓம். அது பங்கே கேட்பதில்லை என்பதால் முழுதும் அதன்மேல் விழுகிறது. திரையில் 5 என்றால் ஸ்கோப்பில் 10. கேமராவின் டிரிகர் வாயும் அப்படி உயர்ந்த மின்தடை கொண்டதுதான். என் முதல் 5 வோல்ட்டை நேராகக் கேமராவில் கொடுத்திருந்தால் அதன்மேல் 10 வோல்ட் விழுந்திருக்கும். ஆக என் இரண்டால் வகுத்தல் விடையளவில் சரி, காரணத்தளவில் முழு மடத்தனம். அந்த வரியை அழித்துவிட்டு நேராக 2.5 என்று எழுதி, பக்கத்தில் ஏன் என்று ஒரு குறிப்பும் எழுதினேன். என் வாழ்க்கையில் ப்ரோக்ராமுக்குள் நான் எழுதிய முதல் குறிப்பு அது.

பிறகு லூப். 0-இலிருந்து 200 வரை எண்ணு, ஒவ்வொன்றையும் 0.00001-ஆல் பெருக்கு, அந்த எண்ணைக் கட்டளையோடு ஒட்டி அனுப்பு, இரண்டு விநாடி பொறு, படம் எடு, வெளிச்சத்தைக் கூட்டு, ஃபைலில் எழுது. பதினோரு வரி. ஓடவிட்டுவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லேப்டாப்பில் 10, 20, 30 என்று வரிசை ஏறிக்கொண்டே போனது. குமிழ் திருப்பிய மூன்று மாதத்தை நினைத்துக் கொஞ்சம் அழுகைகூட வந்தது.

கிராஃப் அழகாக வந்தது. கையால் எடுத்த நோட்டில் அங்கங்கே துள்ளும் புள்ளிகள் இதில் ஒன்றுகூட இல்லை. ஆனால் தொடக்கத்தில் ஒரு புதிய விஷயம் தெரிந்தது. முதல் பத்துப் புள்ளிகள், அதாவது 0-இலிருந்து 90 மைக்ரோசெகண்ட் வரை, மினுக்கம் குறையவே இல்லை. மேசைப் பலகை மாதிரி ஒரே மட்டம். 100-இல் திடீரென்று கால்வாசி அளவு குறைந்து, அதன்பிறகு ஒழுங்காக வளைந்து இறங்கியது. இரண்டாவது ஓட்டம், அதே மேடை. மூன்றாவது ஓட்டம், அதே மேடை.

மூன்று முறையும் ஒரே மாதிரி வந்தால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்? அப்படித்தான் நினைத்தேன். கையால் எடுத்தபோது ஏன் இந்த மேடை வரவில்லை என்று கேட்டதற்கு, கைப்பிழையில் மறைந்திருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். இரவு உட்கார்ந்து படித்தேன். மினுங்கும் நிலைக்கு மேலே இன்னொரு ஆற்றல் நிலை இருந்து, அது மெதுவாகக் கீழே நிரப்பிக்கொண்டிருந்தால், தொடக்கத்தில் மினுக்கம் குறையாமல் நிற்க வாய்ப்பு உண்டு. ஆகா! ஸ்லைடு போட்டேன். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் அம்புக்குறி. மேல்கோட்டுக்குப் பெயர்கூட வைத்தேன்.

வாராந்தரக் கூட்டத்தில் சார் அந்த ஸ்லைடை நெடுநேரம் பார்த்தார்.

“மேடை சரி. படி ஏன்?”

“எப்படி சார்?”

“நீ சொல்ற மாதிரி நிரம்பினா, மேடை மெல்ல வளைஞ்சு எறங்கணும். இது மாடிப்படி மாதிரி சட்டுனு விழுது. இயற்கைக்கு 100 மைக்ரோசெகண்ட் மேல என்ன பிரியம்? ரவுண்டு நம்பரா பாத்தா எறங்கும்?”

நான் ஏதோ முணுமுணுத்தேன். வெளிச்சம் பட்டுப் பட்டுப் பொடி களைத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும், அதனால் தலைகீழாக, 2 மில்லிசெகண்டிலிருந்து 0-க்கு ஒருமுறை ஓடவிடு என்றார்.

ஓடவிட்டேன். கிராஃபைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ புரண்டது. மேடை இன்னமும் இருந்தது, ஆனால் இடம் மாறியிருந்தது. முன்பு உச்சியில் இருந்த மேடை இப்போது தாழ்ந்து, 100-ஆவது மைக்ரோசெகண்டின் உயரத்துக்கு வந்திருந்தது. 100, 90, 80 என்று 10 வரை எல்லாம் அதே உயரம். 0-வது புள்ளி மட்டும் தனியாக மேலே குதித்து நின்றது. பொடிக்கு நான் எந்தத் திசையில் எண்ணுகிறேன் என்று எப்படித் தெரியும்?

மறுபடி ஓடவிட்டேன். இம்முறை லேப்டாப்பைப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். பச்சை எண்கள் 130, 120, 110, 100 என்று இறங்கின. லேப்டாப் 90 என்றது. பச்சை எண் 100-லேயே இருந்தது. லேப்டாப் 80 என்றது. பச்சை எண் 100. திரைக்குக் கீழே, நான் மூன்று மாதமாக ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்த ஒரு சிவப்புப் பொட்டு, ஒவ்வொரு கட்டளைக்கும் ஒருமுறை மினுக்கிவிட்டு அணைந்தது. கீழே சின்ன எழுத்தில் ‘எர்ரர்’ என்று போட்டிருந்தது.

அனுப்பிய வரியை அப்படியே திரையில் அச்சிட்டுப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. 100 மைக்ரோசெகண்டுக்கு பைத்தான் அனுப்பியது ‘0.0001’. 10 மைக்ரோசெகண்டுக்கு நான் நினைத்தது ‘0.00001’. பைத்தான் அனுப்பியதோ ‘1 ஈ மைனஸ் 05’.

பைத்தானில் ஒரு தசம எண்ணை எழுத்தாக மாற்றும்போது, 0.0001 வரை பூஜ்ஜியங்களை நீட்டி எழுதும். அதற்குக் கீழே போனால் தானாகவே அடுக்குக்குறிக்கு மாறிவிடும், அதுவும் சின்ன எழுத்து ஈ போட்டு. ‘1 ஈ மைனஸ் 05’ என்றால் 1-ஐப் பத்தால் ஐந்து முறை வகு என்று அர்த்தம். மனிதக் கண்ணுக்குச் சௌகரியம். புதிய கருவிகளுக்கும் பிரச்சினை இல்லை, எஸ்சிபிஐ இந்த வடிவத்தை ஏற்கிறது. எங்கள் கிழவனுக்கு அது பிடிபடவில்லை. ‘1’ என்று படித்தது, அடுத்து ஈ வந்து உட்கார்ந்ததும் படிப்பதை அங்கேயே நிறுத்திவிட்டது. ஆக அதற்குக் கேட்டது, டிலே 1 விநாடி. முழுச் சுற்றே 10 மில்லிசெகண்ட், அதற்குள் 1 விநாடி எப்படி அடங்கும்? முடியாது என்று சிவப்புப் பொட்டைக் காட்டிவிட்டு, முன்பு இருந்த எண்ணிலேயே இருந்துகொண்டது. 20-க்கு 2 விநாடி, 90-க்கு 9 விநாடி, எல்லாமே முடியாது. ஏறும்போது முன்பிருந்தது 0, அதனால் மேடை உச்சியில். இறங்கும்போது முன்பிருந்தது 100, அதனால் மேடை தாழ்வில். நான் பெயர் வைத்த ஆற்றல் நிலை ஓர் ஈ.

ப்ரோக்ராமில் வரும் பிழையைப் பூச்சி பூச்சி என்று ப்ரோக்ராம் எழுதுபவர்கள் சொல்வார்கள். எனக்கு வாய்த்தது நிஜமாகவே பறக்கிற வகை.

ஒன்றுதான் உறுத்தியது. அனுப்பும் கட்டளை ஒவ்வொன்றும் எந்த எர்ரரும் இல்லாமல்தானே போனது? ஐட்ரிபிள்ஈ 488-இல் கைகுலுக்கல் இருக்கிறது, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒப்புகை உண்டு என்று படித்திருந்தேனே? திரும்பப் போய்ப் படித்தேன். 24 பின்களில் எட்டு தரைக்கம்பிகள் போக மீதி 16. எட்டில் தகவல் போகும், ஐந்து நிர்வாகத்துக்கு, மூன்று கைகுலுக்கலுக்கு. அந்த மூன்றின் ஏற்பாடு அழகானது. ‘நான் இன்னும் தயாரில்லை’ என்று ஒரு கம்பி. கேட்பவர்களில் ஒருவர் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாலும் பேசுபவர் காத்திருக்க வேண்டும். எல்லோரும் விட்ட பிறகு பேசுபவர் ‘இதோ எழுத்து’ என்று இன்னொரு கம்பியை இழுப்பார். ‘நான் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை’ என்ற மூன்றாவது கம்பியை ஒவ்வொருவராக விட்டு, கடைசி ஆளும் விட்ட பிறகே அடுத்த எழுத்து. கூட்டத்தில் யார் மெதுவோ அவர் வேகத்தில்தான் எல்லாம் நடக்கும். யாரையும் விட்டுவிட்டு ஓடாத வடம்பிடிப்பு.

ஆனால் அது எழுத்து வந்து சேர்ந்ததற்கான ஒப்புகை மட்டுமே. ‘1’ வந்தது, வாங்கிக்கொண்டேன். ‘ஈ’ வந்தது, வாங்கிக்கொண்டேன். ‘மைனஸ்’ வந்தது, வாங்கிக்கொண்டேன். கடிதத்தைக் கையெழுத்திட்டு வாங்கியவர் உள்ளே படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டால், அது தபால்காரருக்குத் தெரியாது. என் பதினோரு வரி ப்ரோக்ராம் ஒரு நல்ல தபால்காரன்.

சரிசெய்தது சின்ன விஷயம். டிலேயை மைக்ரோசெகண்டில் முழு எண்ணாகவே வைத்துக்கொண்டேன். அனுப்பும் கணத்தில் மட்டும் விநாடியாக்கி, புள்ளிக்குப் பின்னால் ஒன்பது இலக்கம் என்று கட்டாயப்படுத்தினேன். 10 இப்போது ‘0.000010000’ என்றே போகிறது. முழு எண்ணாக வைத்ததில் இன்னொரு லாபமும் கிடைத்தது. 0.1-ஐ மூன்று முறை கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்று சொல்லும் அந்தப் பிரபலமான வேடிக்கை என் எண்களிலும் வால் முளைக்க வைத்திருந்தது. வால்களும் போயின.

அதைவிட நேரம் பிடித்தது கேட்டுக்கொள்ளும் பகுதி. ஒவ்வொரு டிலேயையும் அனுப்பிய பிறகு இயந்திரத்திடம் ‘இப்போது உன் டிலே என்ன?’ என்று கேட்கிறேன். மேனுவலின் அடுத்த பக்கத்திலேயே அதற்கான கட்டளை இருந்தது, நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. வரும் பதிலை மைக்ரோசெகண்டாக மாற்றி, அனுப்பியதோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஜிபிஐபியில் இன்னொரு வழியும் உண்டு. சீரியல் போல் என்று ஒன்று. கருவியைக் கூப்பிட்டு ஒரே ஒரு பைட் நிலைமையைக் கேட்டு வாங்கலாம். அதில் ஒரு பிட், எர்ரருக்கு. அந்தச் சிவப்புப் பொட்டு எரிந்த ஒவ்வொரு முறையும் அந்தப் பிட்டும் எழுந்து நின்றிருக்கிறது. இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. இப்போது அதையும் கேட்கிறேன். பதினோரு வரி முப்பத்தெட்டு வரி ஆகிவிட்டது. படம் எடுப்பதற்கான வரிகள் அதே நான்குதான்.

புதிய ஓட்டத்தை மூன்று முறை மேலேயும் மூன்று முறை கீழேயும் எடுத்தேன். முதல் பத்துப் புள்ளிகளுக்கு மட்டும் நாற்காலியை இயந்திரத்தின் முன்னால் போட்டு உட்கார்ந்து, பச்சை எண்ணைக் கண்ணால் பார்த்துப் பென்சிலால் நோட்டில் டிக் அடித்தேன். அக்கா பார்த்துச் சிரித்தார், சிரிக்கட்டும். மேடை இல்லை, படி இல்லை. 400 மைக்ரோசெகண்டுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ ஒரு காலமாறிலியோடு, நேர்த்தியாக வளைந்து இறங்குகிறது.

அடுத்த கூட்டத்தில் சார் கேட்டார், “அந்தப் புது லெவல் என்னாச்சு?”

“பறந்துருச்சு சார்.”

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, புதிய கிராஃபையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா முனையால் முதல் புள்ளியைத் தொட்டார். அது மட்டும் வளைகோட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. மேலே போனாலும் கீழே வந்தாலும் அங்கேயேதான் நிற்கிறது. பல்ஸ் முடிந்த பிறகும் எல்இடி முழுதாக அணையக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது, அந்த மிச்ச வெளிச்சம் கேமராவுக்குள் போகிறது என்று நினைக்கிறேன். ஸ்லைடு இன்னும் போடவில்லை. எல்இடிக்கு எதிரே வெளிச்சத்தை மின்சாரமாக்கும் ஒரு ஃபோட்டோடையோடைப் பிடித்து, அதை ஸ்கோப்பில் மாட்டியிருக்கிறேன். 50 ஓம் மூடியையும் மறக்காமல் மாட்டியிருக்கிறேன்.